மாதிரிக் காயும் மூட்டைக் காயும்

ஏலக்காய் வியாபாரத்தில் மூட்டையைக் கொட்டி முழுச் சரக்கையும் பார்த்து வாங்குகிறவர் கிடையாது. ஒரு கைப்பிடி மாதிரியைப் பார்த்து நூறு கிலோவுக்கும் இருநூறு கிலோவுக்கும் விலை சொல்லப்படுகிறது. அந்தக் கைப்பிடி மூட்டைக்கு உண்மையாக இருக்கிறதா என்ற கேள்விதான் போடிநாயக்கனூர்ச் சந்தையிலும் அதற்கு மேலே உள்ள ஏலமலையிலும் நூறாண்டுக்கு மேலாகச் சச்சரவுக்கும் சட்டத்துக்கும் காரணமாக இருந்து வருகிறது. மாதிரியை எடுத்தவர் யார், அதற்கு ஆன செலவு யார் தலையில் விழுந்தது, எடுத்த மாதிரியை மூட்டையோடு ஒத்துப் பார்க்க வழி இருந்ததா என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டு போனால் இந்த வியாபாரத்தின் வரலாறு பெருமளவு பிடிபட்டுவிடும்.

காய் விளைவது மலையில்; விலைபோவது பெரும்பாலும் அடிவாரத்தில். போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று விரியும் ஏலத்தோட்டங்கள் இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் வேலைசெய்த கைகளும் போட்ட முதலும் நெடுங்காலம் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் போனவை. மலையில் ஓயாத மழை. காய்ந்த காய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடிவாரத்தின் வறண்ட காற்றில் சரக்கை இருப்பு வைக்கலாம். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தபின் சரக்கு வெளியேறவும் வழி பிறந்தது. மூணாறுத் தேயிலைகூட டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் இறங்கிப் போடி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைக் காலத்தில் மாதிரி என்ற ஏற்பாட்டுக்கே இடம் இல்லை. ஏலக்காய் அரசின் தனியுரிமைப் பொருள். தோட்டக்காரர் விளைந்தது அத்தனையையும் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். சர்க்கார் வைத்ததே விலை. வாங்குகிறவர் ஒருவராகவே இருக்கும்போது சரக்கைக் காட்டி ஆளைத் தேடும் தேவை எழாது. 1869இல் ஏலமலைக்கென்று தனித் துறை ஏற்பட்டு ஜே.டி. மன்றோ கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். பின்னாளில், 1877இல், பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தவரும் இவரே. சர்க்கார் விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இடைவெளி இருந்தவரை காட்டுப்பாதை வழியாகக் காய் இறங்கியது. மலையை அறிந்த தமிழ்க் குடியானவர்களுக்குக் கணவாய்கள் அத்துபடி. இப்படித் திருட்டுத்தனமாக இறங்கிய சரக்கை வாங்குகிறவர் தரத்தைப் பற்றி நிதானமாகப் பேச நேரம் இராது. விற்றவர் பின்னால் போய்க் கேட்கவும் முடியாது. தனியுரிமை 1896இல் கைவிடப்பட்டு நிலவரி வந்தது. அன்றுமுதல் தோட்டக்காரர் தம் காயை விரும்பியவருக்கு விற்கலாம் என்றானது. பல பேர் வாங்கலாம் என்றதும், பல பேருக்குக் காட்ட மாதிரி தேவைப்பட்டது.

அடுத்த அரை நூற்றாண்டு கமிஷன் கடைகளின் காலம். ஏலத்தோட்டத்தில் ஆண்டு முழுதும் செலவு உண்டு, வரவு ஆகஸ்டு தொடங்கிப் பிப்ரவரி வரைதான். இடைப்பட்ட மாதங்களில் கூலிக்கும் அரிசிக்கும் முன்பணம் கொடுத்த கடைக்காரருக்கே காயும் போய்ச் சேர்ந்தது. அங்கும் மாதிரி எடுத்தார்கள். ஆனால் எடுத்தவரும் தரம் சொன்னவரும் விலை போட்டவரும் கடன் கொடுத்தவரும் ஒரே ஆள். காயில் ஈரம் இருக்கிறது, தூசு இருக்கிறது, வெடித்தது அதிகம் என்று அவர் கழித்தால் தோட்டக்காரர் மறுத்துப் பேச முடியாது. நேர்மையான கடைக்காரர்கள் பலர் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே கடையில் காய் போட்ட குடும்பங்களும் உண்டு. அந்த நேர்மை ஆளைப் பொறுத்து இருந்தது, முறையைப் பொறுத்து இருக்கவில்லை என்பதே குறை.

மாதிரியைப் படிக்கும் கலை இந்தக் கடைகளில்தான் முதிர்ந்தது. தட்டில் கொட்டியதும் முதலில் கண்ணில் படுவது நிறம். பறித்த காயை ஸ்டோரில், அதாவது விறகு எரித்துச் சூடு ஏற்றும் உலர்த்தும் கூடத்தில், சுமார் 45 முதல் 55 பாகை சூட்டில் ஒரு நாள் அளவுக்கு வைத்து இறக்கினால் பச்சை நிற்கும். சூடு கூடிப்போனால் காய் வெடிக்கும், நிறமும் பழுக்கும். குறைந்துபோனால் உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். பறிக்கும்போது நூற்றுக்கு எண்பது பங்காக இருக்கும் ஈரம் பத்துப் பங்கு அளவுக்கு இறங்க வேண்டும். நான்கைந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். நிறத்துக்கு அடுத்து உருவம்: மூன்று பட்டையும் திரண்டிருக்கிறதா, காம்பு நீங்கியிருக்கிறதா, தோலில் த்ரிப்ஸ் பூச்சி சுரண்டிய தழும்பு எவ்வளவு. பிறகு கை. உள்ளங்கையில் அள்ளிக் குலுக்கினால் கனம் தெரியும். கடைசியாக ஒரு காயை நகத்தால் பிளப்பார்கள். முற்றிய காயில் அரிசி கறுத்துப் பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும், வாசனை மூக்கில் ஏறும். பிஞ்சில் பறித்ததில் அரிசி வெளுத்துச் சுருங்கியிருக்கும். பழைய சரக்கில் அரிசி காய்ந்து உதிரும். பார்ப்பதற்குப் பெரிதாகவும் பச்சையாகவும் இருக்கும் காயின் உள்ளே பிஞ்சு அரிசி இருப்பது உண்டு என்பதால், பிளந்து பார்க்காமல் விலை சொல்பவரைத் தேர்ந்த வியாபாரி என்று இந்த ஊர் ஒப்புக்கொள்வதில்லை.

கண்ணும் நகமும் சொன்னதை எண்ணாக மாற்றியது அக்மார்க். விளைபொருள் தரம்பிரித்தல், முத்திரையிடல் சட்டம் 1937இல் வந்தது. ஏலக்காய்க்கான விதிகள் 1962இல் வகுக்கப்பட்டன. ஏற்றுமதி உலகில் ‘ஆலப்பி கிரீன்’ என்று பெயர்பெற்ற காய் அளவையும் லிட்டர் எடையையும் வைத்து வகுக்கப்பட்டது. 7 மில்லிமீட்டர் சல்லடையில் நின்று, லிட்டருக்கு 435 கிராம் தேறினால் ‘எக்ஸ்ட்ரா போல்ட்’. 6 மில்லிமீட்டரும் 415 கிராமும் ‘போல்ட்’. 5 மில்லிமீட்டரும் 385 கிராமும் ‘சுப்பீரியர்’. ஒரு லிட்டர் பாத்திரத்தில் காயை நிரப்பி எடைபோடும் இந்த எளிய முறை பெரிய நன்மை செய்தது. சல்லடை காயின் உடம்பைத்தான் அளக்கும். உள்ளே அரிசி நிரம்பியிருக்கிறதா என்பதை லிட்டர் எடை காட்டிக்கொடுக்கும். பருத்த பொக்குக் காயைக் கலந்தால் சல்லடை ஏமாறும், தராசு ஏமாறாது. தோட்டக்காரருக்கும் வியாபாரிக்கும் இடையே வாய்ச்சொல்லுக்கு மாற்றாக இருவரும் தனித்தனியே போட்டுப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஓர் அளவை இதனால் கிடைத்தது.

ஆனால் மாதிரி எவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டாலும் அது மூட்டையிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். மேலாக நல்ல காயைப் பரப்பி அடியில் மட்டமானதை நிரப்புவது எந்தத் தானியச் சந்தையிலும் உள்ள பழைய வேலை. மாதிரிக்கென்றே பொறுக்கி எடுத்த காயைப் பையில் போட்டுக் காட்டுவது அதைவிடச் சுலபம். சட்டம் இதை நெடுநாளைக்கு முன்பே கவனித்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருந்த சரக்கு விற்பனைப் பகுதி, 1930இல் சரக்கு விற்பனைச் சட்டமாகத் தனியே பிரிந்தது. அதன் 17ஆம் பிரிவு மாதிரி காட்டி விற்பதைப் பற்றியது. மொத்தச் சரக்கு மாதிரியோடு தரத்தில் ஒத்திருக்க வேண்டும். ஒத்துப் பார்க்க வாங்குபவருக்குத் தக்க வாய்ப்புத் தர வேண்டும். மாதிரியைச் சாதாரணமாகச் சோதித்தால் தெரியவராத, விற்கத் தகாததாக்கும் குறை எதுவும் சரக்கில் இருக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனையின் அருமை 1887இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு துணி வழக்கில் தெரிந்தது. அனுப்பிய துணி மாதிரியோடு ஒத்துத்தான் இருந்தது. மாதிரியிலேயே ஒளிந்திருந்த குறை தைத்து உடுத்தியபோதுதான் வெளிப்பட்டது. மாதிரியைக் காட்டிவிட்டோம் என்று விற்றவர் தப்ப முடியாது என்று தீர்ப்பானது. போடியில் விற்ற ஏலக்காய்க்கும் இந்த நியாயமே பொருந்தும்.

ஆனால் சட்டப் பிரிவைக் காட்டி வழக்காட ஒரு சிறு தோட்டக்காரருக்கு எங்கே முடியும்? அவருக்கு உண்மையில் உதவியது மாதிரி எடுக்கும் கை மாறியதுதான். 1965ஆம் ஆண்டின் ஏலக்காய்ச் சட்டத்தால் ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1977இல் உரிமம், சந்தைப்படுத்தல் பற்றிய விதிகள் வந்தன. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி 1987 பிப்ரவரியில் நறுமணப் பொருள் வாரியம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இந்த விதிகளின்படி ஏலம் விடுபவரும் வாங்கும் வியாபாரியும் தனித்தனி உரிமம் பெற வேண்டும். தோட்டக்காரர் காயை ஏலதாரரிடம் கொண்டுவந்து போடுகிறார். எடை போட்டு, லாட் எண் கொடுத்து, மாதிரி எடுப்பது ஏலதாரர். வாங்குபவர் கேட்கும் விலையில் ஏலதாரருக்கு உரியது கமிஷன் மட்டுமே. விற்கிறவரும் வாங்குகிறவரும் அல்லாத மூன்றாவது கை மாதிரியைத் தொடுவதால், அது ஒரு பக்கமாகச் சாய்வதற்குக் காரணம் குறைந்தது. கமிஷன் கடையில் முன்பு கலந்து கிடந்த வேலைகள் இப்படிப் பிரிக்கப்பட்டதே இந்தச் சந்தையில் நடந்த பெரிய சீர்திருத்தம். அதோடு ஒப்பிட்டால் பின்னால் வந்த கணினி சிறிய மாற்றம்தான்.

கணினி 2007இல் வந்தது. அதுவரை கூவி விலை கேட்ட ஏலம் போடியிலும் வண்டன்மேட்டிலும் மின்னணு ஏலமாக மாறியது. வண்டன்மேட்டு ஏலம் பிறகு புற்றடியில் அமைந்த நறுமணப் பொருள் பூங்காவுக்குப் போனது. கூடத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன் அமர்கிறார்கள். லாட் எண் திரையில் வரும்போது அதன் மாதிரிப் பொட்டலம் கையில் இருக்கும். பிரித்துத் தட்டில் கொட்டி, இரண்டு காயைப் பிளந்து, விலையை அழுத்த நேரம் கொஞ்சமே. கூவி ஏலம் விட்ட காலத்தில் யார் குரல் என்று கேட்டே மற்றவர் ஒதுங்கிக்கொள்வதும் கண்ஜாடையில் பேசி முடிப்பதும் நடக்கும். திரையில் அதற்கு இடம் சுருங்கியது. வாங்கிய சரக்கையே மறுபடி ஏலத்தில் வைத்து விலையை ஆட்டுகிறார்கள் என்ற குறை மட்டும் தோட்டக்காரர்களிடம் தொடர்ந்தது.

மாதிரிக் காய் வாங்குபவருக்கு இலவசம். தோட்டக்காரருக்கு அது இலவசம் ஆகாது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் பிரித்து எடுத்த காய் பலர் கையில் போகிறது, விலைக்குள் வருவதில்லை. இதைத் தோட்டக்காரர்கள் பலமுறை எதிர்த்திருக்கிறார்கள், அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. 2018 வெள்ளத்துக்கும் அடுத்து வந்த வறட்சிக்கும் பின்னர், 2019 ஆகஸ்டில், கிலோ 7,000 ரூபாய் வரை ஏலத்தில் போனது. அந்த விலையில் ஒரு கிலோ மாதிரி என்றால் பல நாள் கூலி. மூன்றாண்டுக்குள் விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியபோது மாதிரியின் மதிப்பும் இறங்கியது, ஆனால் அதைக் கொடுக்கும் சிறு தோட்டக்காரரின் கையிருப்பும் கூடவே இறங்கிவிட்டது. சோதனைக்காகக் கொடுக்கும் பொருளின் செலவை யாரோ ஒருவர் சுமக்கிறார். இந்தச் சந்தையில் அவர் பேரம் பேச முடியாதவராகவே இருந்திருக்கிறார்.

விலை ஏறும்போது மாதிரியைப் பொய்யாக்கும் ஆசையும் ஏறும். பச்சை நிறத்துக்கே முதல் மதிப்பு என்பதால் ஏமாற்று வேலையும் நிறத்தில்தான் நுழைந்தது. உலர்த்துவதற்கு முன் காயைச் சலவைச் சோடா கரைத்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் இயற்கைப் பச்சை தங்கும். இது ஆராய்ச்சி நிலையங்களே சொல்லிக்கொடுத்த முறை. செயற்கைச் சாயம் ஏற்றுவது முற்றிலும் வேறு. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் ஏலக்காயில் சாயம் சேர்க்கக் கூடாது என்கின்றன. சாயக் காயைத் தண்ணீரில் போட்டுச் சற்று நேரம் விட்டால் நீர் பச்சையாகும், ஈரப் பஞ்சில் தேய்த்தால் கறை ஒட்டும். உலர்ந்த மாதிரியைத் தட்டில் வைத்துக் கண்ணால் மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது. குவாத்தமாலாக் காயை உள்ளூர்க் காயோடு கலக்கிறார்கள் என்ற புகாரும் இதே வகை. 1914 வாக்கில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் குவாத்தமாலாவின் கோபான் பகுதியில் நட்ட செடி, 1980களில் அந்த நாட்டை உலகின் முதல் உற்பத்தி நாடாக்கியது. பார்வைக்கு அந்தக் காயும் இந்தக் காயும் ஏறத்தாழ ஒன்று. வாசனையில் ஏலமலைக் காய் முந்தும் என்பதை மூக்கு அறியும்.

கண்ணுக்கும் மூக்கிற்கும் எட்டாதது மருந்து எச்சம். தண்டுத் துளைப்பானையும் த்ரிப்ஸையும் தடுக்க ஏலத்தோட்டத்தில் ஆண்டில் பலமுறை மருந்து அடிக்கிறார்கள். வளைகுடா நாடுகள் எச்ச அளவைக் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கியபின் ஆய்வக அறிக்கையும் ஒருவகை மாதிரியாகிவிட்டது. அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதற்குச் சபரிமலை அரவணைப் பாயச வழக்கு நல்ல பாடம். பாயசத்தில் போட்ட ஏலக்காயில் வரம்புக்கு மேல் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக அறிக்கை வந்ததால், 2023 ஜனவரி 11 அன்று கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கின. சோதிக்கப்பட்டது ஏலக்காய்; மக்கள் உண்பது பாயசம், அதில் ஏலக்காய் மிகச் சிறு பங்கு. பின்னர் உச்ச நீதிமன்றம் அனுமதித்தபடி பாயசத்தையே சோதித்தபோது அது உண்ணத் தக்கது என்று முடிவு வந்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற ஆணையை ரத்துசெய்தது. வியாபாரப் போட்டியில் இருந்த ஒருவர் கொண்டுவந்த மனுவை அப்படி ஏற்றிருக்கக் கூடாது என்றும் சொன்னது. எச்சம் இருந்தது பொய் அல்ல. ஆனால் எந்தப் பொருளிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டது, சோதனையைக் கேட்டவருக்கு அதில் என்ன லாபம் என்ற இரண்டும் முடிவின் பொருளையே மாற்றிவிட்டன.

மருந்து விஷயத்தில் தோட்டக்காரரே சோதிப்பவராகவும் ஆக்கப்படுகிறார். புது மருந்தோ வளர்ச்சி ஊக்கியோ உலர்த்தும் இயந்திரமோ கொண்டுவந்து, காசு வேண்டாம், அடித்துப் பாருங்கள், ஓட்டிப் பாருங்கள் என்று சொல்வது மலையில் வழக்கமான விற்பனை முறை. உண்மையான களச்சோதனை எப்படி இருக்கும் என்பதற்கு அருகிலேயே முன்மாதிரி உண்டு. பாம்பாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1956 முதல் இருக்கிறது. மயிலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1978இல் தொடங்கியது. அங்கே மருந்து அடித்த பாத்திக்குப் பக்கத்தில் அடிக்காத பாத்தியும் இருக்கும். ஒரு பருவத்தோடு முடிவு சொல்ல மாட்டார்கள். கிடைத்த விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் எழுதி வெளியிடுவார்கள். இலவசமாக ஒரு புட்டியைக் கொடுத்துவிட்டு, ஒப்பிட வெறும் பாத்தி விடாமல், பலன் நன்றாக இருந்தது என்று கையெழுத்து மட்டும் கேட்கிறவர் செய்வது சோதனை ஆகாது, விளம்பரம். 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டப்படி பதிவு இல்லாத மருந்தை விற்கக் கூடாது. ஆகவே புட்டியில் பதிவு எண் இருக்கிறதா, எந்தப் பயிருக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. இலவசமாக வந்ததை அடித்து எச்சம் தங்கினால், திரும்பி வருவது தோட்டக்காரரின் சரக்குதான். புட்டி கொடுத்தவர் அந்த நட்டத்தில் பங்குக்கு வருவதில்லை.

நல்ல முடிவு தரும் சோதனை இலவசமாகவும் நடந்திருக்கிறது. இன்று மலையெங்கும் பரவியுள்ள ஞள்ளாணி ரகம் ஆய்வகத்தில் பிறந்தது அல்ல. இடுக்கியில் ஒரு விவசாயக் குடும்பம் தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைத் தேர்ந்து பெருக்கியது. அக்கம்பக்கத்தார் நேரில் போய்ச் சரத்தை எண்ணிப் பார்த்து, கிழங்கு வாங்கிவந்து நட்டார்கள். காட்டியவர் தோட்டத்தை மறைக்கவில்லை, பார்த்தவர் அவசரப்படுத்தப்படவும் இல்லை.

அவசரப்படுத்துவதும் ஆசைகாட்டுவதுமே ஏமாற்றின் அடையாளம் என்பதை அண்மைக் கால வழக்குகள் காட்டுகின்றன. சந்தை விலையைவிடக் கிலோவுக்கு ஐந்நூறு, ஆயிரம் கூடுதலாகத் தருவதாகச் சொல்லித் தோட்டத்துக்கே வந்து காய் எடுப்பார்கள். முதல் இரண்டு முறை சொன்ன பணம் சொன்ன நாளில் வந்துவிடும். அதுதான் அவர்கள் காட்டும் மாதிரி. அதை நம்பி அடுத்த முறை முழு அறுவடையையும் தவணைக்குக் கொடுத்தபின் ஆள் இருக்க மாட்டார். ஏலத்தைவிட அதிக விலைக்கு வாங்கி அதே சந்தையில் விற்று லாபம் பார்க்க முடியாது என்ற எளிய கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்த்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் ஓர் ஆண்டு உழைப்பை இழந்தார்கள். உரிமம் பெற்ற ஏலதாரர் வாரியத்துக்குப் பிணை கொடுத்திருப்பவர். அவர் பெயரையும் உரிம எண்ணையும் வாரியத்திடம் கேட்டுச் சரிபார்க்கலாம், பணம் தவறினால் அங்கேயே முறையிடலாம். உரிமம் இல்லாதவரின் கையில் போன காய்க்குக் காவல் நிலையமும் நீதிமன்றமும்தான் மிச்சம்.